எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு: கிருஷ்ணகிரியில் வீட்டுக்கே வந்து கட்டு மாற்றும் சிஸ்டர்கள்

எடை குறைக்கும் ஆபரேஷனுக்காக இங்கிருந்து பெங்களூரு போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கும்போதே, ஊர் திரும்பியதும் கட்டு மாற்ற ஆள் பிடித்து வையுங்கள். எனக்குக் கிடைத்தது பழையபேட்டைப் பக்கம் ஒரு சின்ன கிளினிக். அனுபவப்பட்ட சிஸ்டர் ஒருவர், அவருக்குத் துணையாக இரண்டு இளம்பெண்கள். போன் செய்தால் ஸ்கூட்டியில் வந்துவிடுகிறார்கள்.

எனக்குச் செய்தது ஸ்லீவ். இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிடுவார்கள். துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி என்பதால் வயிற்றில் சின்னச் சின்ன வெட்டுகள்தான். எல்லாருக்கும் பயம் டியூப் மேல்தான். இரைப்பையை அளவு பார்த்து வெட்ட வாய் வழியாக விடுகிற குழாயை மயக்கம் தெளியும் முன்பே எடுத்துவிடுவதால் அது நமக்குத் தெரியவே தெரியாது. யூரின் டியூபை மறுநாள் காலையில் எடுத்துவிட்டார்கள். என்னோடு வீட்டுக்கு வந்தது இடது விலாவுக்குக் கீழே இருந்த ட்ரெயின் டியூப் மட்டும். உள்ளே ஊறுகிற நீரையும் ரத்தத்தையும் வெளியே இழுப்பதற்காக வைப்பது அது. எல்லா டாக்டரும் வைப்பதில்லை, வைத்தாலும் பலருக்கு ஆஸ்பத்திரியிலேயே எடுத்துவிடுவார்கள்.

டிஸ்சார்ஜ் சீட்டில் 'ஒருநாள் விட்டு ஒருநாள் டிரெஸ்ஸிங்' என்று ஒரே வரிதான் இருந்தது. டியூப் முனையில் தொங்கும், நீர் வந்து சேரும் பிளாஸ்டிக் பல்பை (குமிழை) என்ன செய்வது என்று யாரும் சொல்லி அனுப்பவில்லை. சிஸ்டர்தான் வந்த அன்றே என் வீட்டுக்காரரை உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்தார். கையை சோப்புப் போட்டுக் கழுவி, மூடியைத் திறந்து, அளவு போட்ட கப்பில் ஊற்ற வேண்டும். பிறகு பல்பை நன்றாக அமுக்கி, அமுக்கியபடியே மூட வேண்டும். அமுக்காமல் மூடினால் அது உறிஞ்சாது, சும்மா தொங்கும். பாதி நிரம்பியதுமே காலி செய்துவிடச் சொன்னார்.

எத்தனை மில்லி, என்ன நிறம் என்று தினசரி காலண்டர் தாளில் எழுதி வைத்தோம். வந்ததும் அவர் முதலில் கேட்பது அந்தத் தாள்களைத்தான். சிவப்பு வெளுத்து, இளஞ்சிவப்பாகி, அப்புறம் வைக்கோல் நிறத்துக்கு வர வேண்டும். "பச்சையா, கலங்கலா, நாத்தமா வந்தா எனக்குப் போன் பண்ணி நேரத்தை வீணாக்காதீங்கம்மா. ஆபரேஷன் பண்ண டாக்டரைக் கூப்பிட்டுட்டுக் கிளம்புங்க" என்றார். டியூபில் எதுவும் தெரியாமலேயே, உள்ளே இரைப்பையை வெட்டித் தைத்த இடம் கசியலாம். அதனால் காய்ச்சல், மூச்சு வாங்குவது, ஏறிக்கொண்டே போகும் வயிற்று வலி, நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 120ஐத் தாண்டுவது, இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. ஒவ்வொரு தடவையும் நாடி பார்த்த பிறகுதான் கட்டைப் பிரிப்பார். இந்த ஒன்றுக்காகவே இவர்களை நான் தைரியமாகச் சிபாரிசு செய்வேன்.

கட்டு மாற்றும் கையும் நிதானமான கை. ஒட்டியிருக்கும் டேப்பை சலைனில் நனைத்து, தோலை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, ஓரத்திலிருந்து மெல்ல உரிப்பார். காஸ் துணியில் பாதி வரை கத்தரி விட்டு, டியூபின் இரு பக்கமும் அணைத்த மாதிரி வைப்பார். டியூபை ஒரு சுற்று வளைத்துத் தோலோடு ஒட்டிவிடுவார். எங்காவது மாட்டி இழுத்தாலும் அந்த வளைவுதான் இழுபடும், டியூபைத் தோலோடு பிடித்திருக்கும் தையல் இழுபடாது. பல்பை நைட்டியில் இடுப்புக்குக் கீழே சேஃப்டி பின் போட்டு மாட்டச் சொன்னார்.

என் மாமியார் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்து வைத்திருந்தார். சிஸ்டர் முகம் சுளிக்கவில்லை. அத்தையிடம் தெலுங்கிலேயே பேசி, புண்ணுக்கு ஈரமும் எண்ணெயும் ஆகாது, பொடி எதுவும் படக்கூடாது என்று புரிய வைத்துவிட்டார். அத்தை அதற்குப் பிறகு அந்தக் கிண்ணத்தை எடுக்கவே இல்லை.

டியூபை எடுத்துவிட முடியுமா என்று கேட்டதற்கு, டாக்டர் பார்க்காமல் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதுவும் எனக்குப் பிடித்தது. ரிவ்யூவுக்குப் பெங்களூரு போனபோது சூளகிரி தாண்டி ஒவ்வொரு குலுக்கலுக்கும் வயிற்றில் தலையணையை அணைத்துக்கொண்டேன். டாக்டர் தையலை வெட்டி, மூச்சை இழுத்து விடச் சொல்லி, டியூபை உருவினார். வலி என்று சொல்ல முடியாது. உள்ளே ஏதோ நழுவிப் போகிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான். அந்தத் துளைக்குத் தையல் போடவில்லை. அது தானாகவே மூடிக்கொள்ளும், ஒன்றிரண்டு நாள் நீர் கசியும் என்று சிஸ்டர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால், அன்று ராத்திரி நைட்டி நனைந்தபோது நாங்கள் பதறவில்லை.

குறை என்று பார்த்தால், காஸ், டேப், கையுறைக்குத் தனியாகப் பணம் வாங்குகிறார்கள். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஒருமுறை துணைக்கு இருக்கிற பெண் மட்டும் வந்தார். கட்டை நன்றாகத்தான் போட்டார், ஆனால் காலண்டர் தாளைப் பார்க்கவில்லை, நாங்களே எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. மூத்த சிஸ்டரே வர வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு ஒருமுறை வர 400 ரூபாய் வாங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை. வெள்ளி, சனியில் டிஸ்சார்ஜ் ஆகிறவர்கள் பெங்களூரிலிருந்தே போன் செய்து நேரம் சொல்லி வைத்துவிடுங்கள்.