கெட்டில் கிரில்லை மட்டும் வாங்கினால் போதும், மிச்சத்தைப் பட்டறையில் செய்துகொள்ளலாம்

எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு 57 செ.மீ. கெட்டில் கிரில் ஒன்று, அதாவது கரி போட்டு இறைச்சி வாட்டுகிற மூடி போட்ட உருண்டை அடுப்பு, வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. மாதத்தில் மூன்று ஞாயிறாவது அதில் கரி போட்டுவிடுவேன். கிரில் எப்படி என்று கேட்டால், நல்ல சாமான். எனாமல் உதிரவில்லை, மூடி பிசகாமல் உட்காருகிறது, சாம்பல் தள்ளும் தகடு மட்டும் முதல் மழைக்கே துருப்பிடித்தது. நான் எழுத வந்தது கூடவே வாங்கச் சொல்லும் துணைச் சாமான்களைப் பற்றி. கரி பற்றவைக்கும் சிம்னி, கரிக்கூடை, கோழி சுற்றுகிற வளையம் என்று ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தேன், கிரில் விலையே வந்துவிட்டது. ஒன்றையும் வாங்கவில்லை. பாதியை வீட்டிலும் பாதியைக் கணபதி ஏரியா பக்கம் ஒரு வெல்டிங் பட்டறையிலும் செய்தேன். கோயம்புத்தூரில் இருந்துகொண்டு தகர வேலைக்கு யாராவது வெளியே தேடுவார்களா?

இதில் தயங்க ஒன்றுமில்லை. கெட்டில் கிரில்லே பட்டறையில் பிறந்ததுதான். 1952-இல் சிகாகோவில் வெபர் பிரதர்ஸ் என்ற உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், ஏரியில் மிதக்கவிடும் மிதவைக்காகச் செய்த அரைக்கோளத்தை எடுத்துக் கால் வைத்து, இன்னொரு பாதியை மூடியாக்கிச் செய்தது. அந்த உருண்டைக்குள் காற்று கீழே நுழைந்து மேலே போகிறது, அந்த இரண்டு வாயைத் திறந்து மூடித்தான் சூட்டைக் கூட்டுகிறோம் குறைக்கிறோம். நான் செய்ததில் இந்தக் காற்றோட்டத்துக்கு ஒத்துப்போனதெல்லாம் தேறியது. குறுக்கே நின்றது எதுவும் தேறவில்லை.

முதலில் சிம்னி. மளிகைக்கடையில் 15 கிலோ எண்ணெய் டின் காலியாகக் கேட்டால் சொற்பக் காசுக்குத் தருவார்கள். மேல்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் வெட்டி எடுத்துவிட்டு, அடியிலிருந்து நான்கு விரல் உயரத்தில் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் செருகி, அதற்குக் கீழே நான்கு பக்கமும் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டால் சிம்னி தயார். கம்பிக்குக் கீழே இரண்டு தாள் செய்தித்தாள், மேலே கரி. பதினைந்து இருபது நிமிடத்தில் மேல் கரி வரைக்கும் சாம்பல் பூத்து நிற்கும். மண்ணெண்ணெய் வேண்டாம், ஊதவும் வேண்டாம். கைப்பிடிக்குப் பழைய மண்வெட்டிக் கட்டையில் ஒரு சாண் வெட்டி, பட்டைக் கம்பியில் தள்ளி நிற்கிற மாதிரி போல்ட் போட்டு முடுக்கினேன். கைப்பிடியை ஈயம் வைத்துப் பற்றவைத்தால் அந்தச் சூட்டில் உருகி, கரியோடு டின் கையைவிட்டுப் போய்விடும், அதனால் போல்ட்தான். பெயின்ட் டின் எடுக்காதீர்கள். எண்ணெய் டின்னையும் முதல் தடவை சமையல் இல்லாமல் ஒருமுறை கரி போட்டு எரித்து, மேல் அச்சும் உள் பூச்சும் புகைந்து போன பிறகு பயன்படுத்துங்கள். இத்தனை மலிவில் இத்தனை பிரயோஜனமான வேறொன்றை நான் செய்யவில்லை.

கரிக்கூடைதான் எனக்குப் பாடம் சொல்லித்தந்தது. கரியை இரண்டு ஓரத்தில் ஒதுக்கிவிட்டு நடுவில் இறைச்சி வைத்து, மூடி போட்டு வேகவைப்பதற்கு அரைநிலா வடிவத்தில் இரண்டு கூடை வேண்டும். ஹார்டுவேர் கடையில் பளபளவென்று ஜி.ஐ. வலை இருந்தது, வளைக்கச் சுலபம், வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. "வேண்டாங்க தம்பி, இதுல கரி போட்டா புகை தொண்டையப் புடிச்சுக்கும்ங்க. நாங்களே இத வெல்டு வெக்கிற அன்னைக்கு ராத்திரி காய்ச்சல் வந்து கிடப்போம்" என்றார். ஜி.ஐ. என்றால் இரும்பின் மேல் துத்தநாகப் பூச்சு. துத்தநாகம் 419 டிகிரி செல்சியஸில் உருகும், 907-இல் கொதித்து ஆவியாகும். காற்று நன்றாகக் கிடைக்கிற தணலின் நடுவில் அந்தச் சூடு எட்டக்கூடியதுதான். அந்த வெள்ளைப் புகையை இழுத்தால் வருகிற காய்ச்சலும் குளிரும் வெல்டர்களுக்கு நன்றாகத் தெரியும், அதற்காகப் பால் குடிக்கிற பழக்கம்கூடப் பட்டறைகளில் உண்டு. பிள்ளைகள் சாப்பிடுகிற இறைச்சிக்குக் கீழே அதை வைக்கவா? அவர் மட்டும் சொல்லியிருக்காவிட்டால் நான் வைத்திருப்பேன், அதை நினைத்தால் இன்றைக்கும் பகீரென்கிறது. தகட்டில் பனிப்பூ மாதிரித் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் அது ஜி.ஐ. என்று அடையாளம் காட்டிக்கொடுத்தார்.

அப்புறம் அவரே எம்.எஸ். என்கிற பூச்சில்லாத சாதா இரும்பில் எக்ஸ்பாண்டட் மெஷ், அதாவது வைர வடிவ ஓட்டை வலை எடுத்து, கிரில்லின் வளைவுக்கு அட்டையில் வெட்டிக்கொண்டு போன அச்சை வைத்து வளைத்துத் தந்தார். கூலியோடு இரண்டுக்கும் 650 ரூபாய். துருப்பிடிக்கும், பிடிக்கட்டும், கரி எரிகிற இடத்தில் துருவால் ஒன்றும் ஆகாது. எட்டு மாதத்தில் கொஞ்சம் கோணியிருக்கிறது, அவ்வளவுதான். இன்னொரு முறை செய்தால் ஓட்டையை இன்னும் சின்னதாகக் கேட்பேன், ஏனென்றால் எங்களுக்குக் காங்கேயம் பக்கத்திலிருந்து வருகிற சிரட்டைக்கரி சில்லுச்சில்லாக இருக்கும், பாதி வலைக்குள்ளே கீழே விழுந்துவிடுகிறது. சீமைக்கருவேலங்கரிக்கு இந்தத் தொல்லை இல்லை. அது கட்டி கட்டியாக வரும், பற்றும்போது பொறி தெறிக்கும், கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும், ஆனால் அந்த வாசனைக்கு ஈடு இல்லை. டெக்சஸில் மெஸ்கீட் என்று கொண்டாடி இறைச்சி வாட்டுகிறார்களே, அந்த மரமும் நம் சீமைக்கருவேலமும் ஒரே குடும்பத்து உறவு. நம் ஊரில் வேலியில் முளைத்தால் வெட்டச் சொல்கிறோம்!

கூடை செய்ய வசதி இல்லாதவர்கள் சூடு தாங்குகிற ஃபயர் பிரிக் செங்கல் இரண்டு வாங்கிக் குறுக்கே நிறுத்திக் கரியை ஒரு பக்கம் அடக்கலாம். முதலில் நான் வைத்தது வீடு கட்டி மிஞ்சிய சாதாரணச் செங்கல். கழுவி, சரியாகக் காயாமல் வைத்துவிட்டேன். உள்ளே இருந்த ஈரம் ஆவியாகி, பத்து நிமிடத்தில் பட்டென்று வெடித்து, சில்லு கோழிமேல் விழுந்தது. அந்தக் கோழியைத் தூக்கி எறியத்தான் வேண்டியிருந்தது. கல்லோ செங்கலோ, ஈரத்தோடு வைக்கவே கூடாது.

சுற்றும் வளையத்துக்கு வருகிறேன். கிரில்லுக்கும் மூடிக்கும் நடுவில் 15 செ.மீ. உயரத்தில் ஒரு இரும்பு வளையம், இரண்டு பக்கமும் வெட்டுவாய், அதில் கம்பி. முழுக்கோழியைச் சுற்றவிடலாம், கம்பியில் கோத்த தந்தூரித் துண்டுகளையும் வைக்கலாம். 16 கேஜ் தடிமன் தகட்டை 179 செ.மீ. நீளத்துக்கு வெட்டி வளைத்தோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் வட்டம் துல்லியமாக வரவில்லை, மூடி ஒரு பக்கம் அரை விரல் தூக்கிக்கொண்டு நின்றது. அந்த இடைவெளியில் காற்று புகுந்து, கீழ்வாயை முழுக்க மூடினாலும் கரி தகதகவென்று எரிந்துகொண்டே இருந்தது, கோழி வெளியே கருகி உள்ளே வேகாமல் நின்றது. வெப்பமானி குத்திப் பார்த்தால் தொடையில் 60 டிகிரியைத் தாண்டவில்லை, 74 வந்தால்தான் நான் தட்டில் வைப்பேன்.

இதைத் தீர்த்தது என் மாமியார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவர் கீழே போய் மைதா மாவைப் பிசைந்து, கயிறு மாதிரி உருட்டிக் கொண்டுவந்து, "பிரியாணிக்கு தம் போட மாட்டோமா, அந்த மாதிரி அடைச்சுடு" என்று இடைவெளி முழுக்க ஒட்டிவிட்டார். ஐந்து நிமிடத்தில் மாவு இறுகி வெள்ளையிலிருந்து பழுப்பானது, பத்து நிமிடத்தில் சூடு சொன்னபடி கேட்க ஆரம்பித்தது. இந்த மாதிரி இடைவெளியை அடைக்கக் கடையில் விற்கிற ஃபெல்ட் நாடாவைவிட எனக்கு இதுதான் பிடிக்கிறது. சமையல் முடிந்ததும் ஓடு மாதிரி உடைத்து எடுத்துவிடலாம், பசை ஒட்டுமோ என்ற பயமில்லை.

கோழிக் கம்பியைச் சுற்றுகிற மோட்டார் விஷயத்தில் மட்டும் முதலிலேயே காசைச் செலவழித்துவிடுங்கள். பழைய கார் வைப்பர் மோட்டாரைக் கட்டிப் பார்த்தேன், மெதுவாக ஓடும்போதே நிமிடத்துக்கு நாற்பது சுற்றுக்கு மேல் போகிறது, மசாலா சுவரெல்லாம் தெறிக்கிறது. கோழிக்கு மூன்று, நான்கு சுற்று போதும். அந்த வேகத்துக்கென்றே கியர் வைத்த மோட்டார் கிடைக்கிறது, அதை வாங்கிப் போட்ட பிறகுதான் தோல் ஒரே சீராகச் சிவந்தது.

எதை முதலில் செய்வது என்றால் சிம்னியும் கூடையும். இந்த இரண்டுக்கே கிரில் வேறு ஆளாகிவிடும். வளையம் அப்புறம், அதுவும் மாதம் ஒரு தடவையாவது முழுக்கோழி போடுகிற வீடாக இருந்தால் மட்டும். ஃபிளாட்டில் இருப்பவர்கள் இதில் எதையுமே மூடிய பால்கனியில் வைத்துப் பற்றவைக்காதீர்கள், கரிப்புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தெரியாமலே ஆளை அடித்துவிடும். வளையத்துக்குப் பட்டறைக்குப் போகிறவர்கள் கிரில்லின் வாயை நூல் வைத்துச் சுற்றி அளந்து, முடிந்தால் மூடியையே கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். நான் சொன்ன 179 என் கிரில்லின் அளவு, அதுவும் மூடியைக் கொண்டுபோகாமல் நான் காகிதத்தில் போட்ட கணக்கு.