கல்சட்டி வாங்கலாமா? ஆறு மாசம் சமைச்சுப் பார்த்துட்டு எழுதுறேன்

சேலம் போனப்போ ரோட்டோரக் கடையில மாக்கல்லுல செஞ்ச ரெண்டு லிட்டர் கல்சட்டி ஒன்னு வாங்கினேன். பொறுமையா சமைக்கிறவங்க தாராளமா வாங்கலாம், காலையில பத்து நிமிஷத்துல வேலையை முடிச்சுட்டு ஆபீஸ் ஓடறவங்களுக்கு இது ஒத்துவராது.

முதல் தடவை வத்தக்குழம்பு வெச்சுட்டு அடுப்பை அணைச்சா, குழம்பு தளதளன்னு கொதிச்சுட்டே இருக்கு, நிக்கவே இல்ல. என் பொண்ணு பக்கத்துல நின்னுட்டு "தீயே இல்லையேம்மா, எப்படிம்மா கொதிக்குது?"ன்னு கேட்டா. அந்தக் கேள்விக்காகவே இந்தச் சட்டி எனக்குப் பிடிச்சுப்போச்சு. ஒரு கிலோ மாக்கல் சூடேற, ஒரு கிலோ இரும்புக்கு வேண்டியதைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு வெப்பம் வேணும், அதுவும் சட்டி நல்ல தடிமன், கனம், அவ்வளவு சூட்டையும் உள்ள வாங்கி வெச்சுக்கும், விடும்போது மெதுவாத்தான் விடும். அடிப்பக்கக் கல்லு 100 டிகிரிக்கு மேல இருக்கிற வரைக்கும் குழம்பு கொதிக்கத்தானே செய்யும். அதனால பதம் வர்றதுக்கு ரெண்டு மூணு நிமிஷம் முன்னாடியே அணைச்சுடுங்க, இல்லன்னா சுண்டிப்போயிடும்.

அப்புறம் புளி. பித்தளைன்னா ஈயம் பூசணும், அலுமினியத்துல புளிக்குழம்பு வெச்சா பாத்திரத்தையே அரிக்கும், இதுல அந்தப் பயமே இல்ல. மாக்கல்லுல பெரும்பங்கு டால்க்னு ஒரு கனிமம், மெக்னீசியம் சிலிக்கேட், புளியோட அமிலம் அதை ஒன்னும் பண்ணாது.

டால்க்னு சொன்னதும் இன்னொன்னு. முகத்துக்குப் போடற டால்கம் பவுடரும் அதே கனிமம்தான். நாம சிலேட்டுல எழுதின பலப்பம் மாக்கல்லு, வாசல்ல போடற கோலமாவும் பல ஊர்ல அதை அரைச்சதுதான். மாவா உதிர்ற கல்லு, அதான் மாக்கல், நம்ம ஆளுங்க என்ன அழகா பேர் வெச்சிருக்காங்க பாருங்க. கனிமங்களோட கடினத்தை 1-ல இருந்து 10 வரைக்கும் அளப்பாங்க, வைரம் 10, டால்க் 1, நகத்தாலயே கீறிடலாம். பேளூர், ஹளேபீடு ஹொய்சளர் கோயில் சிலைகள்ல கழுத்து நகையோட ஒவ்வொரு மணியும் தனியா தெரியுதே, அந்தக் கல்லும் இந்த வகைதான், மென்மையா இருக்கவேதான் அவ்வளவு நுணுக்கம் வந்திருக்கு.

கஷ்டம் எதுன்னா பழக்கறதுதான். விளக்கெண்ணெய் மஞ்சள் தடவி ஊறவெச்சு, தினமும் சூடான வடிகஞ்சி ஊத்தி வெச்சு, பத்து பதினஞ்சு நாள் ஆகும். எங்க அக்கா அவசரப்பட்டு நாலாவது நாளே பெரிய தீயில வெச்சாங்க, அடியில விரிசல் விட்டுடுச்சு. சூடா இருக்கும்போது பச்சத்தண்ணி ஊத்தவே கூடாது. முதல்ல சூடேற கேஸும் கொஞ்சம் கூடத்தான் ஆகுது, தூக்கிக் கழுவ ரெண்டு கையும் வேணும்.

தயிர் தோய்க்கத் தனியா ஒரு சின்னச் சட்டி வாங்கணும்னு இருக்கேன், அடுத்த தடவை சேலம் போனா அதே கடைக்குத்தான் போவேன்.