31 சதவீதத்தில் அணைந்த போன்: மூன்றரை வருட அனுபவம்

கோத்தகிரியில் இருக்கும் தம்பி ஒருவன் போன வாரம் கூப்பிட்டான். "அண்ணா, நீங்க வச்சிருக்கிற அதே போன் இப்ப விலை இறங்கியிருக்கு, எடுக்கலாமா?" நல்ல நேரம் பார்த்துக் கேட்டான். அப்போதுதான் ஊட்டியில் 1,900 ரூபாய் கொடுத்து அதே போனுக்குப் பேட்டரி மாற்றிக்கொண்டு கடைப் படி இறங்குகிறேன். "வேண்டாம்டா" என்று வைத்துவிட்டேன். காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

கேமரா, திரை, வேகம் பற்றியெல்லாம் ஊரே சொல்லிவிட்டது. எனக்கும் அதில் குறையில்லை. ஒருமுறை கேரட் மூட்டைக்கு அடியில் போய்க்கூட கண்ணாடி கீறவில்லை. என் வழக்கு பேட்டரியோடு மட்டும்தான்.

கேத்தி பாலாடாவிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் ஏற்றிப் போவது என் பிழைப்பு. விடியுமுன் அறுவடை, கழுவும் மெஷினில் வரிசை, லோடு, அப்புறம் இறக்கம். வாங்கிய முதல் டிசம்பரிலேயே போன் தன் குணத்தைக் காட்டிவிட்டது. புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி. மண்டியிலிருந்து விலை சொல்லக் கூப்பிடுகிறார்கள். 31 சதவீதம் காட்டிய போன் பொட்டென்று அணைந்தது. ஸ்வெட்டருக்குள் அக்குளில் இடுக்கிக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்தால், ஒன்றுமே நடக்காத மாதிரி 28 என்று காட்டிக்கொண்டு எழுந்து வரும். அதற்குள் பக்கத்து லோடுக்காரர் பேசி முடித்திருப்பார்.

குளிர்தான் பேட்டரியைத் தின்கிறது என்று முடிவுகட்டி, அன்றிலிருந்து விரதம் பிடித்தேன். 20-க்குக் கீழே இறங்கவிடுவதில்லை, 80-க்கு மேல் ஏற்றுவதில்லை, ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குவதில்லை. மாமனார் மட்டும், "சுத்தமா இறங்கவிட்டு முழுசா ஏத்துங்க மாப்பிள்ளை, அப்பதான் உழைக்கும்" என்பார். அது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக்கான வைத்தியம், இப்போது போனில் வரும் லித்தியம் பேட்டரிக்குத் தேவையில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை.

இவ்வளவு பத்தியம் இருந்தும் மூன்றாம் வருடம் பேட்டரி மதியத்துக்கே படுத்தது. பின்மூடி லேசாகத் தூக்கிக்கொண்டது. கழற்றினால் பேட்டரி உப்பியிருக்கிறது. கடைக்காரர் ஒரே கேள்விதான் கேட்டார்: "வண்டியில எங்க வைப்பீங்க?"

டாஷ்போர்டில்தான். வேறெங்கே?

மலை இறக்கத்தில் பர்லியார் வந்தாலே நாங்கள் ஸ்வெட்டரைக் கழற்றிவிடுவோம். போன் மட்டும் முன்கண்ணாடி வெயிலில், மேப் ஓட, சார்ஜும் ஏற, மேட்டுப்பாளையம் வரை வெந்துகொண்டே வந்திருக்கிறது. வாரத்துக்கு ஐந்து நாள், மூன்று கோடைக்காலம். குளிரில் பேட்டரிக்குள் மின்னூட்டம் சுமக்கும் அயனிகள் மெதுவாக நகரும், உள்மின்தடை கூடும், மின்னழுத்தம் இறங்கியதும் போன் அணைந்துகொள்ளும். சூடு கிடைத்தால் பழையபடி ஆகிவிடும். வெயில் அப்படியில்லை. உள்ளே தேவையில்லாத வேதிவினைகளை முடுக்கிவிடும், இழந்த கொள்ளளவு திரும்பாது. சார்ஜ் நிறைய இருக்கும்போது சூடும் சேர்ந்தால் இன்னும் மோசம். அந்த வகையில் என் 80 கணக்கு வீண் இல்லைதான், ஆனால் டாஷ்போர்டு வெயிலுக்கு அது எந்த மூலைக்கு? "சூடு அதிகம், சார்ஜ் நிறுத்தப்பட்டது" என்று போன் பலமுறை சொல்லியிருக்கிறது. நான்தான் திட்டிக்கொண்டே ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகினேன்.

குளிரிலும் ஒரு விஷயம் உண்டு. பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் பேட்டரிக்குள் இருக்கும் கிராஃபைட் மின்முனையின் மேல் லித்தியம் உலோகமாகவே படிந்துவிடும், அது நிரந்தரக் கேடு. பனி விழுந்த காலைகளில் இந்தப் போன் சார்ஜ் ஏற அடம்பிடித்ததையும் நான் குறை என்றுதான் எழுதி வைத்திருந்தேன். அதையும் வாபஸ் வாங்குகிறேன்.

சரி, என் தப்பு இவ்வளவு. இனி அதன் தப்பு.

ஜூலை மாதம். காற்றில் மரம் சாய்ந்து லைன் அறுந்து, கரண்ட் போனால் எப்போது வரும் என்று தெரியாது. அரை மணி நேரம் வரும், மறுபடி போகும். அந்த அரை மணியில் ஓடிப்போய்ச் சார்ஜரைச் சொருகினால், "சார்ஜிங் போர்ட்டில் ஈரம்" என்று ஒரு மஞ்சள் முக்கோணம். தண்ணீர்ப் பக்கமே போகாத போன்! வெளியே குளிர்ந்து கிடந்ததை அடுப்படிச் சூட்டுக்குள் கொண்டுவந்ததும் உள்ளே வியர்த்திருக்கும், அவ்வளவுதான். ஈரத்தோடு சார்ஜ் ஏற்றினால் போர்ட் அரித்துவிடும், அதற்காகத்தான் எச்சரிக்கை, தெரியும். ஆனால் ஈரம் காய்ந்த பிறகும் அந்த முக்கோணம் போகாது. போர்ட்டைக் கீழே பார்க்கத் தட்டி, விசிறிக்கு முன்னால் வைக்கலாம் என்றால் விசிறி இருக்கிற வீடா இது? அரிசிக்குள் புதைக்கச் சொல்வார்கள், செய்யாதீர்கள், தூசி போய் அடைத்துக்கொள்ளும். முக்கோணம் மறையும் நேரத்தில் கரண்ட் போயிருக்கும். மூன்று மழைக்காலமும் இதே கதை. வயரில்லாச் சார்ஜ் வசதி இருந்தாலாவது தப்பித்திருப்பேன், இதில் அது இல்லை.

புதுப் பேட்டரி நன்றாகவே நிற்கிறது. காலையில் போன் சட்டைப் பைக்குள், இறக்கத்தில் சீட்டுக்கு அடியில். இன்னும் இரண்டு வருடம் இதையேதான் வைத்திருப்பேன், மாற்றும் எண்ணமே இல்லை.

தம்பிக்கு மட்டும் பதில் அதேதான். வாங்காதே.