இணையப் பக்கங்களை எடுத்துவரும் நிரல்: பெர்லா, பைத்தானா?

இணையப் பக்கங்களைத் தானாகக் கேட்டு வாங்கும் நிரல்களை எழுத மொரீசியஸின் ரோஸ்ஹில் ஊரில் நடக்கும் மாலை வகுப்பில் எந்த மொழியைக் கற்பிப்பது என்று பெர்லையும் பைத்தானையும் எடைபோட்ட நாங்கள், இறுதியில் பைத்தானையே தேர்ந்தோம். வேறு முகவரிக்கு அனுப்பும் வழிமாற்றத்தைப் பின்தொடர்வது, தளம் தரும் அடையாளத் துணுக்கான குக்கீயைச் சுமப்பது, படிவத்தை நிரப்பி அனுப்புவது ஆகியவற்றில் ஆயத்த நிரல்தொகுப்புகளான பெர்லின் எல்.டபிள்யூ.பி.யும் பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. காத்திருப்பு நேரத்தில் மட்டும் பெர்ல் ஒரு படி மேல்: அசைவற்ற இணைப்பை எல்.டபிள்யூ.பி. 180 விநாடிகளில் கைவிட்டுவிடும். ரிக்வெஸ்ட்ஸோ, காத்திருப்பு வரம்பான டைம்அவுட்டை நாம் குறிப்பிடாவிட்டால், பேசாத சர்வரின் வாசலிலேயே நின்றுகொண்டிருக்கும்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது எழுத்துக் குறியாக்கம், அதாவது எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் முறை. மொரீசியஸில் ஒரே நிரல் பிரெஞ்சுச் செய்தித்தளத்தையும் தமிழ்த் தளத்தையும் படிக்க வேண்டியிருக்கிறது. குறியாக்கம் எது என்று சர்வர் தலைக்குறிப்பில் சொல்லாத எச்.டி.எம்.எல். பக்கத்தை ரிக்வெஸ்ட்ஸ் மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான ஐ.எஸ்.ஓ. 8859-1 (லத்தீன்-1) என்று கொள்ளும். பழைய பிரெஞ்சுப் பக்கங்கள் பலவும் அதில் பழுதின்றி வந்துவிடும். தமிழ்ப் பக்கமோ அப்படி வராது: உலக மொழிகளுக்குப் பொதுவான குறியாக்கமாகிய யூ.டி.எஃப்-8இல் 'த' ஒன்றுக்கே மூன்று பைட்டுகள் என்பதால், அது ஆக்சான் கிராவ் ஏறிய பிரெஞ்சு அகரம் (à), பதிவு பெற்ற வணிகக்குறி (®), நாணயக்குறி (¤) என மூன்று துண்டுகளாகச் சிதறுகிறது. எந்தத் தமிழ் எழுத்துக்கும் முதல் துண்டு அந்த அகரமே ஆகையால், கோளாறு எங்கே என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். ரிக்வெஸ்ட்ஸ் எழுத்தாக மாற்றித் தரும் டெக்ஸ்ட் பண்பை விட்டுவிட்டு, கன்டென்ட் பண்பு தரும் மாற்றாத பைட்டுகளை, பக்கத்தைப் பகுத்துப் படிக்கும் பியூட்டிஃபுல் சூப் தொகுப்பிடம் ஒப்படைத்தால், பக்கத்துக்குள் குறியாக்கத்தைச் சொல்லும் மெட்டா குறிப்பைப் பார்த்து அதுவே சரிசெய்துகொள்ளும்.

பெர்லின் டிகோடட் கன்டென்ட் செயற்கூறு இந்த மெட்டா குறிப்பைத் தானாகவே பார்க்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் மாணவர் ஒருவர் மறதியாக, எழுத்தாக மாற்றாத வெறும் கன்டென்ட்டை எடுத்து, முறையாக எழுத்தாக மாற்றிய வேறொரு தமிழ்ச் சரத்தோடு ஒட்டினால், பெர்ல் அந்தப் பைட்டுகளை லத்தீன் எழுத்துகளாகக் கருதிச் சத்தமின்றி இணைத்துவிடும்; கோப்பில் சேர்ந்த குப்பை, யாராவது அதைத் திறந்து படிக்கும்போதுதான் கண்ணில் படும். பைத்தான் 3 அதே வரியில் டைப்எரர் என்ற பிழையைக் காட்டி நின்றுவிடுகிறது. தமிழ் உரையைக் கையாளப் பழகும் ஒருவருக்கு இந்த முரட்டுத்தனம் பேருதவி என்பது என் கருத்து.

ஜாவாஸ்கிரிப்டை உலாவிக்கு வெளியே இயக்கும் நோட் 18 முதல், பக்கங்களை எடுத்துவரும் ஃபெட்ச் உள்ளிணைந்தே வந்தாலும், அம்மொழியை இத்தகைய வேலைகளுக்கு நான் மேலோட்டமாகவே தொட்டிருப்பதால் இங்கே சேர்க்கவில்லை. பராமரிப்பை மட்டும் பார்த்தால் பெர்ல் பக்கமும் நியாயம் இருக்கிறது: அலுவலகத்தில் பெர்லில் ஓடும் பழைய நிரல்களை நான் அப்படியே விட்டிருக்கிறேன், 2020 ஜனவரி 1இல் பைத்தான் 2இன் ஆதரவு முடிவுக்கு வந்ததை ஒட்டித் திருத்தி எழுத வேண்டியிருந்தவை பைத்தான் நிரல்களே.