ஈயச் சிப்பாய்களுக்கு மறுவர்ணம்: சில வருடம் கழித்து எது நின்றது, எது உரிந்தது

பழைய ஈயச் சிப்பாய் பொம்மைகளைச் சரிசெய்து வர்ணம் அடிக்கிறவர்கள் முடித்த அன்றைக்கே போட்டோ எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். அன்றைக்கு எல்லாமே பளபளவென்றுதான் இருக்கும். அலமாரியில் சில வருடம் நின்ற பிறகு என்ன கதி என்று யாரும் சொல்வதில்லை. என்னிடம் இருப்பவற்றைப் பார்த்து அதைத்தான் எழுதுகிறேன்.

எல்லாம் பிரிட்டன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொம்மைக் கம்பெனி செய்தவை, சுமார் 54 மில்லிமீட்டர் உயரம். இங்கே லண்டன் பக்கம் ஞாயிற்றுக்கிழமை கார் பூட் சேல்களில் (கார் டிக்கியில் பழைய சாமான்களை வைத்து விற்கும் சந்தை) கை போனது, தலை போனது எல்லாம் ஒரே டப்பாவில் குவிந்து கிடக்கும். நான் தொடுவது அந்த டப்பாவை மட்டும்தான். அசல் வர்ணம் முக்கால்வாசி இருக்கிற பொம்மை கையில் கிடைத்தால் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிடுங்கள், சேகரிப்பவர்கள் உரிந்துபோன அசலுக்குக் கொடுக்கிற விலையை நம் புது வர்ணத்துக்குக் கொடுக்க மாட்டார்கள்.

முதலில் உடைசல். 1893-இல் வில்லியம் பிரிட்டன் கொண்டுவந்த முறை இது: உருக்கிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றி, ஓரம் இறுகியதும் நடுவில் இருப்பதைத் திரும்பக் கவிழ்த்து எடுத்துவிடுவார்கள். உள்ளே வெறும் கூடு. ஈயம் மிச்சம், எடை குறைவு, முழு ஈயத்தில் வார்த்த ஜெர்மன் பொம்மைகளை விட மலிவு. ஆனால் கழுத்தில் தகடு மாதிரி மெல்லிசாக இருப்பதால் ஒரு தடவை கீழே விழுந்தால் தலை தனியாக வந்துவிடும். அந்தக் காலத்துப் பிள்ளைகள் கழுத்து ஓட்டையில் தீக்குச்சியைச் செருகி அதன்மேல் தலையை மாட்டி வைத்திருப்பார்கள், இப்போதும் பாதிப் பொம்மைகளில் அந்தக் குச்சி அப்படியே இருக்கும். நான் குச்சியை எடுத்துவிட்டுப் பித்தளைக் கம்பித் துண்டு வைத்து இரண்டு டியூப் எபாக்ஸி பசையால் ஒட்டுகிறேன். அப்படி ஒட்டிய தலை ஒன்றுகூட இதுவரை ஆடவில்லை. சூப்பர் குளூ அன்றைக்கு ஜோராகப் பிடிக்கும், அப்புறம் லேசாகத் தட்டினாலே விட்டுவிடும். சாதாரண சால்டரிங் அயர்ன் பக்கமே போகாதீர்கள், அதன் சூட்டில் சிப்பாயின் காலே உருகிவிடும். 70 டிகிரியிலேயே உருகும் தனிப் பற்றாசு (சால்டர்) மாடல் ரயில் கடைகளில் கிடைக்கிறது, ஆனால் அதற்குக் கை பழக வேண்டும்.

பழைய வர்ணத்தை எடுக்க எனக்கு அசிட்டோன்தான் சரிப்பட்டது. மூடி போட்ட ஜாம் பாட்டிலில் சில மணி நேரம் ஊறவிட்டுப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் தோல் மாதிரி உரிந்து வரும். காஸ்டிக் சோடா கலந்த ஓவன் கிளீனரும் உரிக்கும், ஆனால் மடிப்புகளில் கொஞ்சம் தங்கிவிட்டாலும் பிற்பாடு புது வர்ணத்தை அடியிலிருந்தே கிளப்பிவிடும். பழைய மேட்ச்பாக்ஸ், டிங்கி பொம்மைக் கார்கள் துத்தநாகக் கலவை, அவற்றை அதில் போட்டால் உலோகத்தையே அரித்துவிடும். நம் வீட்டுப் பழக்கத்தில் குத்துவிளக்கு தேய்ப்பது போல் புளி, எலுமிச்சை, வினிகர் என்று எதையும் ஈயத்தில் போட வேண்டாம். அமிலம் ஈயத்துக்கு எமன்.

இன்னொன்று, உலோகம் மட்டுமில்லை, அந்தக் காலப் பெயின்டிலும் ஈயம் இருக்கும். காய்ந்த நிலையில் ராவாதீர்கள், நனைத்துத்தான் தேய்க்க வேண்டும். கையுறை, கீழே நியூஸ் பேப்பர், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவல். சமையலறை சிங்க் கூடவே கூடாது. சரிசெய்த பொம்மை அலமாரிக்குத்தான், வீட்டில் இருக்கிற பிள்ளைகள் கைக்கு இல்லை.

இனி வர்ணம். பிரைமர் என்கிற அடிப்பூச்சு இல்லாமல் நேரே அடித்த அக்ரிலிக் (தண்ணீரில் கரையும் வர்ணம்) கை பட்ட இடமெல்லாம் தேய்ந்து உலோகம் தெரிகிறது. கார் கடையில் விற்கும் சாம்பல் நிற ஸ்பிரே பிரைமர் மெல்லிசாக ஒரு கோட் போதும். குளிர்காலத்தில் டப்பாவைக் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து எடுக்காவிட்டால் மணல் மணலாகப் படியும். அதன்மேல் சிப்பாயின் சிவப்பு உடைக்கு ஹம்ப்ரோல் 19, பளபளப்பான எனாமல். காய ஒரு நாளுக்கு மேல் எடுக்கும், நாற்றமும் உண்டு, மனைவி ஜன்னலைத் திறந்துவிட்டுத் திட்டுவாள், ஆனால் அந்தச் சிவப்பு இன்றைக்கும் அப்படியே நிற்கிறது. வெள்ளைதான் எனாமலில் ஏமாற்றியது. மார்பில் போகும் வெள்ளைக் குறுக்குப் பட்டைகள் எல்லாம் டீக்கறை நிறத்துக்கு வந்துவிட்டன. வயேகோ அக்ரிலிக் வெள்ளை அடித்தவை அப்படியே வெள்ளையாக இருக்கின்றன. அதனால் இப்போது உடைக்கு எனாமல், வெள்ளைக்கும் முகத்துக்கும் அக்ரிலிக் என்று கலந்து அடிக்கிறேன். எனாமல் நன்றாகக் காய்ந்த பிறகுதான் அக்ரிலிக். மேலே பளபளப்பான அக்ரிலிக் வார்னிஷ். மேட் வார்னிஷ் போட்டால் இன்றைய மாடல் பொம்மை போல ஆகிவிடும், பிரிட்டன்ஸ் களை போய்விடும். முகத்திலும் அதே கதைதான்: கண்ணுக்கு ஒரு கறுப்புப் புள்ளி, கன்னத்தில் கொஞ்சம் ரோஸ், அவ்வளவு போதும். விழி, இமை என்று ஆரம்பித்தால் கெட்டது.

எவ்வளவு நன்றாக அடித்தாலும் வைக்கிற இடம் தப்பாக இருந்தால் வீண். ஓக் மர அலமாரியும் அட்டைப் பெட்டியும் மெல்ல அமில ஆவி விடும், ஈயம் சாம்பல் வெள்ளைப் பொடியாகப் பூக்கும், அது வர்ணத்துக்கு அடியிலிருந்தே கிளம்பும். என் சிப்பாய்கள் கண்ணாடியும் இரும்பும் சேர்ந்த அலமாரிக்கு மாறிய பிறகு புதிதாக எதுவும் பூக்கவில்லை.

பிரிட்டன்ஸ் மதராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி சிப்பாய்களையும் போட்டிருக்கிறார்கள். நம் ஊர் ஆட்களாயிற்றே என்று அதைத் தேடிக்கொண்டே இருக்கிறேன், உடைசல் டப்பாக்களில் இதுவரை கண்ணில் படவில்லை. யாரிடமாவது தலையில்லாத ஒன்று இருந்தால் சொல்லுங்கள், தலையை நான் பார்த்துக்கொள்கிறேன். அப்புறம், விற்கப் போகிறவர்கள் பொம்மையின் அடிப்பாகத்தில் மறுவர்ணம் என்று சின்னதாக எழுதிவிட்டு விற்றுவிடுங்கள், வாங்குகிறவர் அசல் என்று நினைத்து ஏமாறக் கூடாது.