வீட்டுக்குள் ஃபைல் பகிர்வு: சாம்பா பெட்டியும் சிங்க்திங்கும், நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பின்

ஷேர் என்பது நெட்வொர்க்கில் மற்றக் கம்ப்யூட்டர்களுக்குத் திறந்துவிட்ட ஃபோல்டர். பாஸ்வேர்டு கேட்காமல் திறக்கிற ஷேர்தான் வீடுகளில் அதிகம். அப்படி ஆவதற்குக் காரணமும் உண்டு. விண்டோஸில் பாஸ்வேர்டு வைக்காத அக்கவுன்ட்டைக் கொண்டு நெட்வொர்க் வழியாக உள்ளே வர முடியாது. அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டுமே அது திறக்கும். வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு எதற்கு என்று விட்டு வைத்தவர், ஷேர் திறக்கவில்லை என்றதும் 'பாஸ்வேர்டு ப்ரொடெக்டட் ஷேரிங்'கை அணைத்துவிடுவார், 'எவ்ரிஒன்' பெயருக்கு 'ஃபுல் கன்ட்ரோல்' கொடுத்துவிடுவார். வேலை நடந்துவிடும். அன்றிலிருந்து அந்த வைஃபையில் இருக்கிற எந்தக் கருவியும் அந்த ஃபோல்டரை அழிக்கலாம்.

இங்கே பேசப்போவது சேலம் அம்மாபேட்டைப் பக்கத்து வீடுகளில் வழக்கமாகக் காணும் ஏற்பாடு. கீழே சேலை டிசைன் போடும் பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டர், கணக்குக்கு ஒரு விண்டோஸ் 11, மாடியில் இரண்டு லேப்டாப், ஒரு பழைய மேக், ஆளுக்கொரு போன். நடுவில் ஃபைல்களை வைத்திருப்பது ராஸ்பெர்ரி பை 4 என்ற கையகல லினக்ஸ் கம்ப்யூட்டர் (இனி 'பெட்டி'), அதில் இரண்டு யுஎஸ்பி ஹார்டு டிஸ்க், லினக்ஸிலிருந்து விண்டோஸ் போலவே ஷேர் கொடுக்கும் சாம்பா மென்பொருள். லேப்டாப், போன்களுக்கு மட்டும் கூடவே, ஒரே ஃபோல்டரைப் பல கருவிகளில் ஒரே மாதிரி வைத்திருக்கும் சிங்க்திங்.

முதலில் நெட்வொர்க்கைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பாதிப் புகார் அங்கேதான் பிறக்கிறது. இணைய சேவைக்காரர் தரும், ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி கருவியே ஒரு ரவுட்டர். வைஃபை மாடிக்கு எட்டவில்லை என்று இன்னொரு ரவுட்டர் வாங்கி, அதன் வான் போர்ட்டில் (இன்டர்நெட் உள்ளே வரும் துளை) கேபிளைச் செருகினால் வீட்டில் இரண்டு நெட்வொர்க் ஆகிவிடும். கீழே 192.168.1 வரிசை, மேலே 192.168.0 வரிசை. இரண்டு பக்கமும் இன்டர்நெட் வரும், ஆனால் கீழே இருப்பவரால் மேலே இருக்கும் ஷேரை எட்டவே முடியாது. இரண்டாவது ரவுட்டரை, வைஃபை மட்டும் தரும் ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றினால் சரியாகும். அந்த மோடு இல்லாத மாடலில் டிஹெச்சிபியை (கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வசதி) அணைத்து, அதன் முகவரியைக் கீழ் வரிசையில் வேறு யாருக்கும் இல்லாத எண்ணாக மாற்றி, கேபிளை வான் போர்ட்டில் அல்லாமல் லேன் போர்ட்டில் செருக வேண்டும். மாடியில் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் அதே இணைப்பைக் கொடுப்பதாக இருந்தால் கெஸ்ட் வைஃபை வழியாக மட்டும் கொடுங்கள்.

கேபிளில் இன்னொரு சங்கதி. எட்டுக் கம்பியில் நான்கை மட்டும் கிரிம்ப் செய்துவிட்டுப் போகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. நெட் வரும், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஆனால் வேகம் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் ஏறாது. 4 ஜிபி கல்யாண வீடியோ ஒன்று கிகாபிட் இணைப்பில் 40 நொடிக்குள் போகும், இதில் ஆறு நிமிடம். விண்டோஸில் ஈதர்நெட் ஸ்டேட்டஸைத் திறந்து ஸ்பீடு என்ன காட்டுகிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

தனிப் பெட்டி இல்லாமல் விண்டோஸ் ஷேரை மட்டும் வைத்து ஓட்ட முடியாதா? ஓட்டலாம், ஆனால் அடிக்கடி கையை வைக்க வேண்டியிருக்கும். ரவுட்டரை மாற்றினால் விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க்காக எடுத்துக்கொண்டு 'பப்ளிக்' என்று வைத்துவிடும், நேற்று வரை திறந்த ஷேர் இன்று காணாமல் போகும். 'பிரைவேட்' ஆக்கினால் திரும்பி வரும். லாகின் செய்யும் நான்கு இலக்க 'பின்' எண் நெட்வொர்க் ஷேருக்குச் செல்லாது. அது அந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டுமே. மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டின் முழுப் பாஸ்வேர்டு வேண்டும், அல்லது ஷேருக்கென்று ஒரு லோக்கல் அக்கவுன்ட் போடுவது உத்தமம். ஷேர்கள் பேசிக்கொள்ளும் முறைக்கு எஸ்எம்பி என்று பெயர். விண்டோஸ் 11 ப்ரோவின் 24ஹெச்2 பதிப்பு எஸ்எம்பி சைனிங்கை (ஒவ்வொரு செய்தியிலும் கையொப்பம்) கட்டாயமாக்கிவிட்டதால், பாஸ்வேர்டு இல்லாத பழைய கெஸ்ட் ஷேர்கள் அப்டேட் வந்த நாளிலேயே நின்றன. இணையத்தில் இதற்குச் சொல்லப்படும் வைத்தியம் சைனிங்கை அணைப்பது. வேண்டாம், ஷேருக்குப் பாஸ்வேர்டு வைப்பதுதான் வழி.

எல்லோரையும் குழப்பும் இன்னொன்று: ஒரே பெட்டிக்கு ஒரே நேரத்தில் இரண்டு பெயரில் உள்ளே போக விண்டோஸ் விடாது. 'டிசைன்' ஃபோல்டரை ஒரு பெயரில் திறந்துவிட்டு 'கணக்கு' ஃபோல்டரை வேறு பெயரில் திறக்கப் போனால், பாஸ்வேர்டு சரியாக இருந்தாலும் மறுக்கும். கமாண்ட் ப்ராம்ப்ட்டில் 'நெட் யூஸ்' கட்டளையால் பழைய இணைப்பை நீக்கி, கிரெடென்ஷியல் மேனேஜரில் சேமித்திருக்கும் பெயரையும் அழித்து, ஒருமுறை லாக்-ஆஃப் செய்தால் தீரும். ஆளுக்கு ஒரு பெயர், அந்தப் பெயருக்கே எல்லா அனுமதியும் என்று முதலிலேயே வகுத்துவிட்டால் இது வராது.

சாம்பாவுக்கு வருவோம். டெபியன் வகை லினக்ஸ்களில் சாம்பாவோடு வரும் அமைப்பு ஃபைலில் 'மேப் டு கெஸ்ட்' என்ற வரி 'பேட் யூசர்' என்று இருக்கும். பெட்டிக்குத் தெரியாத பெயரில் யார் வந்தாலும் சத்தமில்லாமல் கெஸ்ட்டாக உள்ளே விடு என்பது அதன் பொருள். அதை 'நெவர்' என்று மாற்றுவதுதான் முதல் வேலை. அடுத்து, ஆளுக்கு ஒரு லினக்ஸ் யூசர், லாகின் ஷெல் இல்லாமல் (பெட்டிக்குள் நேரடியாக லாகின் செய்ய முடியாதபடி). சாம்பாவின் பாஸ்வேர்டு லினக்ஸ் பாஸ்வேர்டு அல்ல, 'எஸ்எம்பி பாஸ்டபிள்யூடி' கட்டளையால் தனியாகச் சேர்க்க வேண்டும். இதைச் செய்யாமல், பாஸ்வேர்டு சரியாகத்தானே அடிக்கிறோம் என்று திணறுபவர்கள் நிறைய. ஒவ்வொரு ஷேரிலும் 'வேலிட் யூசர்ஸ்' வரியில் யார் பார்க்கலாம், 'ரீட் ஒன்லி' என்பதை 'யெஸ்' ஆக வைத்து 'ரைட் லிஸ்ட்' வரியில் யார் எழுதலாம். மாற்றிய பிறகு, அமைப்பைச் சரிபார்க்கும் 'டெஸ்ட்பார்ம்' கட்டளையை ஓட்டிப் பார்த்துவிட்டு ரீஸ்டார்ட். ரவுட்டரில் பெட்டிக்கு நிலையான முகவரி ஒதுக்கிவிடுங்கள். ஃபயர்வாலில், எஸ்எம்பி வரும் 445 போர்ட்டை வீட்டு வரிசைக்கு மட்டும் திறந்தால் போதும். 137 முதல் 139 வரை இப்போது தேவையில்லை.

ஹார்டு டிஸ்க்கின் ஃபார்மேட்டை எக்ஸ்ஃபேட்டில் விடாமல் லினக்ஸின் இஎக்ஸ்டி4-க்கு மாற்றுவது நல்லது. எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல் (செய்யப்போகும் மாற்றத்தை முதலில் குறித்துவைக்கும் பதிவு) கிடையாது, கரன்ட் போகும்போது எழுதிக்கொண்டிருந்த ஃபைலோடு ஃபோல்டர் பட்டியலும் கெடலாம். பை 4-இன் நான்கு யுஎஸ்பி போர்ட்டுக்கும் சேர்த்து 1.2 ஆம்பியர்தான் என்பதால், இரண்டு டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி ஹப் கட்டாயம். இல்லாவிட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் சுழலத் தொடங்கும்போது ஒன்று இணைப்பு அறுந்து விழுந்துவிடும். அப்படி விழுந்தால் வரும் வினை விசித்திரமானது: டிஸ்க் வந்து சேரவேண்டிய (மவுன்ட் ஆகவேண்டிய) இடத்தில் காலி ஃபோல்டர் இருக்கும், சாம்பா அதையே ஷேர் என்று நம்பும், வீட்டார் காப்பி செய்வதெல்லாம் பெட்டியின் லினக்ஸ் இருக்கும் மெமரி கார்டில் போய் விழும். கார்டு நிறைந்து பெட்டி படுத்த பிறகுதான் தெரியவரும். டிஸ்க்கின் உள்ளே ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, ஷேரின் பாதையை அந்த உள்-ஃபோல்டருக்குக் கொடுத்துவிட்டால் டிஸ்க் இல்லாதபோது பாதையே இருக்காது. ஷேர் திறக்க மறுக்கும், விஷயம் அன்றே வெளிச்சமாகும்.

விண்டோஸ் 7 கம்ப்யூட்டரை ஒதுக்க முடியாது, ஜக்கார்டு டிசைன் மென்பொருள் அதில்தான் ஓடுகிறது. 2020 ஜனவரியோடு அதற்கான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. அதன் ஐபி அமைப்பில் முகவரியைக் கையால் கொடுத்து, 'டிஃபால்ட் கேட்வே' கட்டத்தைக் காலியாக விட்டு, ஐபிவி6 டிக்கையும் எடுத்துவிட்டால் வீட்டுக்குள் மட்டும் பேசும், இன்டர்நெட்டுக்குப் போகாது. அது எழுதக்கூடியது 'டிசைன்' ஃபோல்டரில் மட்டும். விண்டோஸ் 7-ஆல் எஸ்எம்பி3 என்க்ரிப்ஷன் (தகவலைப் பூட்டி அனுப்புவது) செய்ய முடியாது, எனவே 'கணக்கு' ஷேருக்கு மட்டும் என்க்ரிப்ஷனைக் கட்டாயமாக்கி, 'டிசைன்' ஷேரை விட்டுவிடலாம். பை 4-இன் பிராசஸரில், என்க்ரிப்ஷன் முறையான ஏஇஎஸ்ஸுக்கான தனிச் சுற்று இல்லை, என்க்ரிப்ஷன் போட்ட ஷேரில் வேகம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இறங்கும். பை 5-இல் அந்தக் குறை இல்லை. எக்ஸ்பி இன்னும் ஓடுகிற இடமென்றால் அதை நெட்வொர்க்கிலேயே சேர்க்காமல் பென்டிரைவோடு விடுவதே சரி. எக்ஸ்பிக்கு எஸ்எம்பி1 என்ற பழைய பதிப்பு வேண்டும். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேரான வானாக்ரை 2017 மே மாதம் பரவியது அந்த வழியில்தான்.

வீட்டு ஷேருக்கு ஆபத்து வெளியிலிருந்து கதவை உடைத்து வருவது அபூர்வம். அனுமதி உள்ள லேப்டாப் ஒன்றில் ரான்சம்வேர் ஏறினால், அந்த லேப்டாப்புக்கு எழுத உரிமை உள்ள அத்தனை ஃபைலையும் அது சாவி வைத்திருக்கும் வீட்டு ஆள் போலவே உள்ளே போய்ப் பூட்டிவிடும். பாஸ்வேர்டும் என்க்ரிப்ஷனும் இதைத் தடுக்காது. சாம்பாவின் 'ரீசைக்கிள்' வசதி கைதவறி அழித்ததை மீட்டுத் தரும், ஆனால் ஃபைலின் மேலேயே எழுதிவிட்டால் பழையது அதில் இருக்காது. தடுப்பது இரண்டுதான். பழைய படங்கள், முடிந்த வருடத்துக் கணக்கு எல்லாம் யாருக்கும் எழுத உரிமையில்லாத ஷேருக்குப் போக வேண்டும். இரண்டாவது டிஸ்க் எந்தக் கம்ப்யூட்டருக்கும் ஷேராகத் தெரியக் கூடாது. பெட்டியே இரவில் 'ஆர்ஸ்னாப்ஷாட்' என்ற பேக்கப் மென்பொருள் மூலம் அதில் நகல் எடுக்கும். மாறாத ஃபைல்களுக்கு ஹார்டு லிங்க் (ஒரே ஃபைலுக்கு இன்னொரு பெயர்) போடுவதால் ஏழு நாள், நான்கு வாரம், ஆறு மாத நகல் வைத்தாலும் இடம் அவ்வளவு பிடிக்காது. டிசைன் ஃபைல் முந்தாநாள் எப்படி இருந்தது என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கலாம். இந்த மொத்த ஏற்பாட்டில் அதிகம் கைகொடுத்தது இந்த ஒன்றுதான்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு மட்டும் வரும் இரண்டு தொல்லை. இஎக்ஸ்டி4-இல் ஃபைல் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட், ஆக 85 குறியீடு. 'க்' என்பதே க-வும் புள்ளியுமாக இரண்டு. மாமா பெண் கல்யாணத் தேதி, மண்டபம், ஊர் எல்லாம் சேர்த்து வைத்த பெயரை விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும், பெட்டிக்குக் காப்பி செய்தால் பிழை வரும். இரண்டாவது, பழைய மேக்கின் ஹெச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க் 'கொ' வின் ஒற்றைக் குறியைக் கொம்பும் காலுமாகப் பிரித்துச் சேமிக்கும். அங்கிருந்து ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கட்டளையில் எடுத்தால் 'கொலுசு' என்று பார்வைக்கு ஒரே மாதிரி இரண்டு ஃபோல்டர் நிற்கும். ஆர்சிங்க்கின் 'ஐகான்வ்' தேர்வைக் கொடுத்து எடுத்தால் ஒன்றாகவே வரும்.

சிங்க்திங் வேறு ஜாதி. நடுவில் சர்வர் இல்லை, கருவிகள் ஒன்றையொன்று நீண்ட அடையாள எண்ணால் அறிந்து, டிஎல்எஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக நேரடியாகப் பேசும். போன் படங்களைப் பெட்டிக்கு அனுப்ப இதைவிடச் சுலபம் இல்லை: போனில் 'சென்ட் ஒன்லி', பெட்டியில் 'ரிசீவ் ஒன்லி'. ஆண்ட்ராய்டில் அதிகாரபூர்வ ஆப் 2024 டிசம்பரோடு நின்றது, இப்போது அதை வேறொருவர் எடுத்து நடத்தும் ஃபோர்க்தான். ஆனால் இது பேக்கப் ஆகாது. போனில் அழித்தால் பெட்டியிலும் அழியும். அதனால் பெட்டியின் பக்கம், பழைய பதிப்புகளை எடுத்துவைக்கும் 'ஸ்டாகர்ட் வெர்ஷனிங்' போட்டே ஆக வேண்டும். அந்த வெர்ஷனிங்கும் மற்றக் கருவியிலிருந்து வரும் மாற்றத்துக்கு மட்டுமே, பெட்டியிலேயே அழித்ததைக் காப்பாற்றாது. டேலி டேட்டா ஃபோல்டரைச் சிங்க்திங்கில் போடவே கூடாது. திறந்திருக்கும் டேட்டா பாதிப் பாதியாக நகலாகும், இருவர் எழுதினால் 'சிங்க்-கான்ஃப்ளிக்ட்' ஃபைல்களாகக் குவியும். ஷேரில் வைத்து கேபிளில் மட்டும் திறப்பது சரி. வைஃபையில் இணைப்பு ஒரு நொடி அறுந்தாலும் டேட்டா கெடலாம்.

கரன்ட் விஷயத்தில், இன்வெர்ட்டரை 'யுபிஎஸ்' மோடில் வையுங்கள். சாதாரண மோடில் மாறும் இடைவெளி அதிகம், பெட்டி ரீஸ்டார்ட் ஆகிவிடும். அக்னி நட்சத்திரத்தில் டிஸ்க் பெட்டியை மூடிய ஷெல்ஃபில் வைக்கக் கூடாது. டிஸ்க் தன் நிலையைத் தானே சொல்லும் 'ஸ்மார்ட்' விவரத்தில் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டினால் இடம் மாற்ற வேண்டிய நேரம். தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லும் உச்சம் 60.

சேலத்தை ஒட்டிய மலையான ஏற்காட்டில் இதே ஏற்பாட்டை வைப்பவர்களுக்குக் கவலை வெப்பம் அல்ல, இடி. கோடை மழைக்கு முன் சேர்வராயன் மலையில் விழும் மின்னல், தோட்ட வீட்டுக்கும் காப்பிக் களத்து ஆபீஸுக்கும் இடையே இழுத்த செம்புக் கேபிள் வழியாக இரு முனையிலும் போர்ட்டை எரித்துவிடும். இரண்டு கட்டடத்துக்கு நடுவே ஃபைபர்தான் போட வேண்டும்: ஒரு சிங்கிள் மோடு டிராப் கேபிள், இரு முனையிலும் ஃபைபரைச் சாதாரண நெட்வொர்க் கேபிளாக மாற்றும் ஒரு கிகாபிட் மீடியா கன்வெர்ட்டர். ஒற்றை இழையில் ஓடும் கன்வெர்ட்டர் ஏ, பி என்று ஜோடியாக வரும். இரண்டு ஏ வாங்கினால் விளக்கே எரியாது. கேபிளைத் தாங்கும் எஃகுக் கம்பியை வெளிச் சுவரிலேயே வெட்டிவிட வேண்டும், உள்ளே கொண்டுவரக் கூடாது.

மலைக்கும் சேலத்துக்கும் இடையில் ஃபைல் பார்க்க, ரவுட்டரில் 445-ஐத் திறந்துவிடும் யோசனை மட்டும் வேண்டாம். பல வீட்டு இணைப்புகள் சிஜிநாட்டுக்குப் (ஒரே வெளி முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிரும் முறை) பின்னால் இருப்பதால் போர்ட் திறந்தாலும் வேலை செய்யாது. வேலை செய்தால் அது இன்னும் மோசம். டெய்ல்ஸ்கேல் என்ற விபிஎன் மென்பொருளை இரு பக்கமும் நிறுவினால் சிஜிநாட்டைத் தாண்டி வயர்கார்டு சுரங்கம் (பூட்டிய தனி இணைப்பு) கிடைக்கும், வீட்டில் அடிக்கிற அதே பெயரும் பாஸ்வேர்டும் அங்கேயும் செல்லும். மலையில் அப்லோடு வேகம் குறைந்த நாட்களில் பெரிய ஃபைலை அதில் திறந்து திருத்த வேண்டாம், சிங்க்திங்கில் விட்டுவிட்டால் இரவில் வந்து சேர்ந்துவிடும்.