ஓவன் இல்லாத வீட்டில் சுவீடன் பட்டை பன்: ரைஸ் குக்கரா, ஏர் ஃபிரையரா?

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் ஓவன் வைக்க இடமில்லை. அதனால் சுவீடன்காரர்கள் கோப்பியோடு சாப்பிடும் பட்டை பன்னை (அங்கே கனேல்புல்லே என்பார்கள்) சில ஆண்டுகளாக ரைஸ் குக்கரிலும் ஏர் ஃபிரையரிலும்தான் சுட்டு வருகிறேன். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், யோசிக்காமல் ஏர் ஃபிரையர்.

மாவு இரண்டுக்கும் ஒன்றுதான். 250 கிராம் ரொட்டி மாவு, 150 மில்லி வெதுவெதுப்பான பால், 50 கிராம் வெண்ணெய், 40 கிராம் சீனி, ஒரு தேக்கரண்டி ஈஸ்ட், சிட்டிகை உப்பு. மாவில் முட்டை சேர்ப்பதில்லை, மேலே தடவத்தான். வெள்ளிக்கிழமை என்றால் பாலைத் தடவிவிடுவேன். நிறம் கொஞ்சம் குறையும், ருசியில் குறை இருக்காது. ஏலக்காய்தான் இந்தப் பன்னின் உயிர். பாக்கெட் தூள் வேண்டாம். உரலில் கொரகொரப்பாக இடித்து மாவிலேயே பிசைய வேண்டும். கடித்தால் அங்கங்கே ஒரு துணுக்கு தட்டுப்பட வேண்டும்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் மாவு சீக்கிரம் உப்பிவிடும், அது நல்லதுதான். ஆனால் உள்ளே தடவும் வெண்ணெய், சீனி, பட்டைத் தூள் கலவை உருகி வழியும். அதனால் மாவைத் தேய்ப்பதற்கு முன் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறேன்.

இனி குக்கர். என்னுடையது ஒற்றைப் பொத்தான் வைத்த சாதாரண குக்கர். அடியில் உள்ள காந்தம், சட்டியின் சூடு 100 டிகிரியைச் சற்றுத் தாண்டியதும் பிடியை விட்டுவிடும். பொத்தான் டக்கென்று மேலே வந்துவிடும். சோற்றில் தண்ணீர் வற்றியதை அது தெரிந்துகொள்வது அப்படித்தான். பன்னில் வற்றுவதற்குத் தண்ணீர் ஏது? சில நிமிடங்களிலேயே நின்றுவிடும். சற்று ஆறவிட்டு மறுபடி அழுத்த வேண்டும், அப்புறம் திருப்பிப் போட வேண்டும், கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அப்படியும் பக்கவாட்டு வெளுப்பாகவே இருக்கும், ஏனென்றால் மாவு நன்றாகச் சிவக்க 140 டிகிரியாவது வேண்டும். மூடிக்குள் இருப்பதோ நீராவி. அதே நீராவியால்தான் உள்ளே அத்தனை மென்மை! என் மாமியாருக்கு இந்தப் பன்தான் பிடிக்கும், பல்லுக்கு இதம் என்பார். ஒரு சங்கடம், பட்டை வாசம் மூடியில் தங்கி மறுநாள் சோற்றிலும் வரும்.

சுவீடனில் வீட்டு ஓவனில் 225 டிகிரி, எட்டு நிமிடம் போல வைப்பார்கள். ஏர் ஃபிரையரில் விசிறி சூட்டை நேராக அடிப்பதால் 165 டிகிரி, பத்து நிமிடம் போதும். ஒரு தடவைக்கு நான்கு பன். விளிம்பு சிவந்து, சுருளின் ஓரத்தில் சீனி லேசாகப் பாகாகி நிற்கும். பன்னுக்கு அடியில் போடும் பேக்கிங் பேப்பரை பன்னின் அளவுக்கே வெட்டுங்கள். அகலமாக இருந்தால் காற்றில் எழும்பி மேலே உள்ள சூட்டுக் கம்பியில் பட்டுக் கருகும். கூடையில் முந்தின நாள் மீன் பொரித்திருந்தால் எலுமிச்சையும் வெந்நீரும் போட்டு ஊறவைக்காமல் பன் பக்கம் போகவே கூடாது.

மேலே தூவ சுவீடன்காரர்களிடம் முத்துச் சீனி என்ற பருமணிச் சீனி உண்டு. நான் பிரிக்ஃபீல்ட்ஸ் மளிகைக் கடையில் கற்கண்டு வாங்கி, இடித்து, சலித்து, குருணையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இந்தச் சூட்டில் அது உருகுவதில்லை, நறுக்கென்று கடிபடுகிறது. எனக்கு முத்துச் சீனியே தேவையில்லை என்று தோன்றிவிட்டது.

சுவீடனில் 1999 முதல் அக்டோபர் 4 பட்டை பன் நாள். அன்று பக்கத்து வீடுகளுக்கும் கொடுப்பதால் இரண்டு சாதனமும் ஓடும். மற்ற நாட்களில் ஏர் ஃபிரையர் மட்டும். மிஞ்சியதை அன்றே ஃபிரீசரில் வைத்துவிட்டால் காலைப் பசியாறலுக்கு 150 டிகிரியில் ஐந்து நிமிடம் போதும்.